தட்டெழுத்துப் பொறி முதல் செயற்கை நுண்ணறிவு வரை

மும்பை மாநகருக்குத் தமிழ் மக்கள் வந்து சேர்ந்த வழிகள் பல. தோல் பதனிடும் தொழில் பற்றித் தாராவியில் குடியேறியோர் ஒருசாரார். ஆலைகளில் உழைக்க வந்தோர் மற்றொருசாரார். தட்டெழுத்திலும் சுருக்கெழுத்திலும் ‘லோயர்’, ‘ஹையர்’ தேர்வுகளில் வென்ற சான்றிதழ்களைத் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டி ரயிலேறி, மாதுங்காவில் ஓர் அறையைப் பலரோடு பங்கிட்டு வாழ்ந்து, கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்குச் சென்றோர் இன்னொருசாரார். விரலின் விரைவும் பிழையற்ற ஆங்கிலமுமே இவர்தம் கைம்முதல். அதனைக் கொண்டே உடன்பிறந்தாரை வாழவைத்தனர். மக்களைப் பொறியியல் படிக்கவைத்தனர். அம் மக்களும் பேரர்களுமே இன்று நம் காலனியின் பல இல்லங்களில் மென்பொருட் பொறியாளராய் விளங்குகின்றனர்.

அவ் இல்லங்களில் இன்று ஒரு கவலை புகுந்துள்ளது. 2021ஆம் ஆண்டில் கிட்ஹப் கோபைலட் வெளிவந்தது. 2022 நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி வெளிவந்தது. வேண்டுவதைப் பேச்சு வழக்கிற் சொன்னால் கணிப்பொறிக்குரிய நிரலைத் தாமே எழுதித் தரும் கருவிகள் இவ்வாறு பெருகலாயின. “பிள்ளை படித்த படிப்பு நிலைக்குமா?” என்று பெற்றோர் வினவுகின்றனர். வருவதுரைக்க நாம் சோதிடர் அல்லோம். எனினும், இத்தொழில் வந்த வழியைத் திரும்பி நோக்கின், செல்லும் வழி சிறிதேனும் புலனாகும்.

1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எனியாக் என்னும் கணிப்பொறி உலகிற்கு அறிமுகமாயிற்று. அதனை இயக்க வழி வகுத்தோர் ஆறு பெண்மணிகள். கம்பிகளைப் பொருத்தியும் விசைகளைத் திருப்பியும் அவர்கள் அப் பொறிக்குக் கட்டளையிட்டனர். பின்னர்க் கட்டளைகளை எண்களாக எழுதும் முறை வந்தது. அது கண்ணையும் பொறுமையையும் ஒருங்கே சோதிக்கும் வேலை. 1952இல் கிரேஸ் ஹாப்பர் அம்மையார், அவ் வேலையின் ஒரு பகுதியைப் பொறியே செய்யுமாறு கம்பைலர் ஒன்றை ஆக்கினார். 1957இல் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் மொழியை அளித்தனர். கணக்கை ஏறத்தாழக் கணக்கு வடிவிலேயே எழுதினால் போதும். கட்டளையாக மாற்றுவதைப் பொறி பார்த்துக்கொள்ளும்.

அன்று இம் முயற்சிக்கு வழங்கிய பெயர் யாது தெரியுமா? ‘தானியங்கி நிரலாக்கம்’ என்பதே. கையால் எழுதுவார்க்கு நிகராகப் பொறி எழுதுமா எனக் கைதேர்ந்தோர் பலர் ஐயுற்றனர். பொறி எழுதியே காட்டிற்று. எண்களால் எழுதும் பழைய வேலை பெரும்பாலும் மறைந்தது. நிரலாளர் தொகையோ பன்மடங்கு பெருகிற்று. நிரல் எழுதும் செலவு குறையவே, முன்னர் அதனை எண்ணியும் பாராத வங்கியும் ஆலையும் இருப்புப்பாதையும் அதனை நாடின என்பதே காரணம்.

நம் நகரும் இவ் வரலாற்றில் இடம்பெற்றது. இங்குள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையிற் பிறந்த அறிஞர் ஆர். நரசிம்மன் முன்னின்று உருவாக்கிய கணிப்பொறி 1960இல் பணிக்கு வந்தது. 1962இல் அதற்கு டிஃப்ராக் எனப் பெயர் சூட்டியவர் பிரதமர் நேரு. அதன் நினைவகம் கொண்டது 2,048 சொற்களே. இன்று குழந்தை கையில் வைத்து விளையாடும் கைப்பேசிக்கு அஃது ஒரு துளியும் ஆகாது. 1968இல் டி.சி.எஸ். நிறுவனம் இந்நகரிலேயே தோன்றிற்று. தட்டெழுத்தர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதியதொரு வாயில் திறந்தது.

ஆயின், வரலாற்றின் ஒரு பக்கத்தை மட்டும் படித்து மகிழ்தல் நேர்மையன்று. 1984இல் டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வங்கிகளில் கணிப்பொறியைப் புகுத்தும் வகை பற்றி அறிக்கை அளித்தது. ஊழியர் சங்கங்கள் அஞ்சின. பொறி வந்த அன்றே எவரும் வீட்டிற்கு அனுப்பப்பட்டிலர். எனினும் 2000-2001இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தின்கீழ் அரசுடைமை வங்கிகளினின்று ஏறத்தாழ 1 லட்சம் பேர் விலகினர். தட்டெழுத்துப் பொறியின் கதையும் அத்தகையதே. 1955இல் அதனைச் செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 2009இல் நிறுத்திற்று. உள்ளிருந்தோர் பெரும்பாலும் தம் காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றனர். சான்றிதழுடன் வெளியே நின்ற இளைஞருக்கே கதவு ஓசையின்றி மூடிற்று.

இன்றைய அச்சமும் அவ் வாயிலைப் பற்றியதேயாகும். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் பணியாளருள் 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு காரணமன்று, திறன் பொருந்தாமையே காரணம் என்று அதன் தலைவர் விளக்கினார். காரணம் எதுவாயினும், வேலை இழந்த குடும்பத்தின் மாதத் தவணை காத்திருப்பதில்லை.

பழைய கம்பைலருக்கும் புதிய கருவிக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. கம்பைலர், விதிப்படி எழுதியதை விதிப்படி மாற்றும். புதிய கருவியோ, முன்னர்ப் பலர் எழுதியவற்றைப் பயின்று, அடுத்து வருவது இன்னதாகலாம் என ஊகித்து எழுதும். அது தவறும்போதும் தயக்கமின்றித் தவறும். ஆகவே எழுதியதைப் படித்து ஆராய்ந்து, ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று கையொப்பமிட மனிதர் வேண்டும். அத்தகையோர் எங்ஙனம் உருவாவர்? சிறு வேலைகளைச் செய்து, பிழைபட்டு, மூத்தோரால் திருத்தப்பெற்றே உருவாவர். அச் சிறு வேலைகளையே இன்று கருவி எடுத்துக்கொள்கிறது. ஏணியின் முதற்படியைக் கழற்றிவிட்டு மேற்படிக்கு ஆள் தேடுதல் எங்ஙனம் இயலும்? இத்தொழிலை நடத்துவோர் விடை கூறவேண்டிய வினா இதுவே.

நம் முன்னோர் வாழ்வில் நமக்கு ஒரு குறிப்பு உள்ளது. சுருக்கெழுத்தருள் விரலை மட்டும் நம்பியோர் பொறியோடு நின்றனர். அதிகாரி சொன்னதை மட்டுமன்றி, சொல்ல நினைத்ததையும் உணர்ந்து, கோப்பின் முன்வரலாறு அறிந்து, பிழையைத் தாமே திருத்தி, நம்பிக்கைக்கு உரியவராய் இருந்தோர், பொறி மாறிய பின்னரும் வேண்டப்பட்டனர்.

ஆதலின் இளைஞர்களே, கருவியை வெறுக்கவும் வேண்டா. அதற்கு அடிமையாகவும் வேண்டா. கணக்கையும் கணிப்பொறியின் அடிப்படையையும் கசடறக் கற்பீராக. வங்கி, மருத்துவமனை, இருப்புப்பாதை போன்ற ஒரு துறையின் உள்ளியல்பை அறிவீராக. பெற்றோர்களே, வேலை இழந்த பிள்ளையைக் குற்றவாளியெனக் காணாதீர்; கதவு மூடியது அவன் செயலன்று. இத்துறையில் மூத்த அன்பர்கள், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் நம் சங்கக் கூடத்தில் இளையோருடன் அமர்ந்து, அவர் எழுதியதைப் படித்துத் திருத்தித் தருவாராக. ஊரிலிருந்து புதிதாக வந்தவனுக்கு அன்று மாதுங்கா அறையில் பாய் விரித்து இடந்தந்தவர் நம் முன்னோர். கழன்ற முதற்படியை அந்த அளவிற்கேனும் நாம் மீண்டும் பொருத்தலாம்.