பயணிகள் விமானமா, போர் விமானமா?

1919 மே மாதம், பீகிங்கில் இருந்த வெளிநாட்டுத் தூதர்கள் கூடி சீன அரசுக்கு ஓர் அறிவிப்பைக் கொடுத்தார்கள். நாடு முழுவதும் ஏற்கும் அரசு அமையும்வரை தங்கள் நாட்டவர் யாரும் சீனாவுக்கு ஆயுதம் விற்கக் கூடாது என்பது அதன் சாரம். வடக்கே ஓர் அரசு, தெற்கே கான்டனில் இன்னோர் அரசு, இடையில் சொந்தப் படை வைத்திருந்த தளபதிகள் என்று நாடு துண்டுபட்டுக் கிடந்த நேரம் அது. 1876-இலேயே சீனாவில் பணியைத் தொடங்கிய பிரிட்டிஷ் தூதர் சர் ஜான் ஜோர்டான் இந்தத் தடைக்காக முன்னின்று பாடுபட்டார்.

ஆனால், லண்டனில் விமானக் கம்பெனிகள் தவித்துக்கொண்டிருந்தன. உலகப் போர் முடிந்துவிட்டது; ராணுவ ஆர்டர்கள் நின்றுபோயின. தடைக்கு முன்பே ஹாண்ட்லி பேஜ் கம்பெனி பீகிங் அரசுடன் விற்பனை ஒப்பந்தம் போட்டிருந்தது. தடை வந்த பிறகு, அதே ஆண்டு அக்டோபரில், விக்கர்ஸ் கம்பெனி இன்னும் பெரிய ஒப்பந்தம் போட்டது. 18,03,200 பவுன் கடன். அதில் ‘விமி கமர்ஷியல்’ ரகத்தில் மட்டும் 40 விமானங்கள். விமி, ஜெர்மனி மீது குண்டு போடுவதற்காக உருவான விமானம். அதன் உடலை அகலப்படுத்தி, பத்துப் பயணிகள் உட்கார இடம் செய்ததுதான் இந்த ரகம்.

அமெரிக்க வெளியுறவுத்துறை ஆட்சேபித்தது. இவை வணிகப் பயன்பாட்டுக்கானவை, சீனா அப்படித்தான் உறுதி தந்திருக்கிறது என்று பிரிட்டன் பதில் சொன்னது. அந்த உறுதியைக் கண்காணிக்க யாரிடமும் வழி இருக்கவில்லை. தடையின் நோக்கத்தை நன்றாகவே அறிந்திருந்த பிரிட்டன் இந்த விளக்கத்தில் ஒதுங்கிக்கொண்டதை மன்னிப்பது கடினம். குண்டுக்கு அடியில் இருக்கப்போகிறவர்கள் சீனத்துக் குடியானவர்கள் அல்லவா?

1920 மே மாதம் ஹாண்ட்லி பேஜ் விமானம் பீகிங்கிலிருந்து தியென்சினுக்குத் தபால் கொண்டுபோனது. பயணிகள் சேவை அதற்குமேல் பெரிதாக வளரவில்லை. அந்தக் கோடையிலேயே வடக்குத் தளபதிகளின் ஜிலி, அன்ஹுய் அணிகளுக்கிடையே போர் மூண்டது. முடிந்ததும் மஞ்சூரியத் தளபதி சாங் ட்ஸோலினின் ஆட்கள் பல விமானங்களை அள்ளிச் சென்றார்கள். விமிகளில் பெரும்பாலானவை பெட்டி பிரிக்காமலே கிடந்தன. சிலவற்றை ஜிலி அணி குண்டு போடுபவையாக மாற்றிக்கொண்டது. விக்கர்ஸ் கடனுக்கான தவணைகளும் 1920-களிலேயே நின்றுபோயின.

1929-இல் தடை விலக்கப்பட்டது. அதே ஆண்டு, முன்பு ஆட்சேபித்த அமெரிக்காவின் கர்ட்டிஸ் குழுமமே விமான ஒப்பந்தத்துடன் சீனாவுக்குள் நுழைந்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.