பிரதேச சபையின் பணம் லயத்து அடுப்புவரை வருமா?

கிளிநொச்சியில் இருக்கும் என் பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, தொலைபேசியில் பேசும்போதெல்லாம் தனது ஊர் சனசமூக நிலையத்தைப் பற்றிச் சொல்லுவார். அது பிரதேச சபையில் பதிவு செய்யப்பட்ட நிலையம். பத்திரிகை வருகிறது, முன்பள்ளி நடக்கிறது, சபையில் இருந்து இடைக்கிடை ஏதாவது உதவி கிடைக்கிறது. "நீங்களும் ஒரு கடிதம் எழுதிக் குடுங்கோவன் தங்கச்சி" என்றார் ஒருநாள். எங்கள் லயத்துப் பெண்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி காய்ச்சவும், லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டம் போடவும் யோசித்திருந்த நேரம் அது.

நான் எல்கடுவயில் இருக்கிறேன். மாத்தளை மாவட்டத்தில், வத்தேகமவில் இருந்து மலையேறி வரும் பாதையில் தேயிலைக்கு நடுவே உள்ள ஊர். அக்காவின் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு இங்கிருந்து வன்னிக்குப் போனது. அப்படிப் போன ஆயிரக்கணக்கான மலையகக் குடும்பங்களில் பல பின்னர் வன்னிப் போருக்குள் அகப்பட்டு, மீண்டும் எல்லாவற்றையும் இழந்தன. அக்காவும் முள்ளிவாய்க்கால் கஞ்சி குடித்துத்தான் உயிரோடு வந்தார். ஒரு நேரக் கஞ்சியை நாலு பேர் சேர்ந்து காய்ச்சினால் எத்தனை பேர் பிழைக்கலாம் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால், அக்கா சொன்ன கடிதத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் அவருடைய ஊருக்கும் எங்கள் தோட்டத்துக்கும் இடையில் உள்ள வித்தியாசம் எனக்கு விளங்கியது. அதை அறிந்துகொள்வது வடக்கில் இருப்பவர்களுக்கும் மலையகத்தில் இருப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

தேவை எவ்வளவு?

2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெருந்தோட்டத் துறையில் மட்டும் அது 31.7 சதவீதம். அதாவது மூன்றில் ஒரு பிள்ளை அளவுக்கு. பொருளாதார நெருக்கடிக்கு ஆறு வருடங்களுக்கு முன்பே நிலைமை இதுதான்.

2022இல் நெருக்கடி வந்தது. நாட்டில் சுமார் 63 இலட்சம் பேர் போதிய உணவின்றி இருப்பதாக ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் அந்த வருடம் கணக்கிட்டன. மோசமாகப் பாதிக்கப்பட்டது பெருந்தோட்டத் துறையே. 2023இல் அந்த எண்ணிக்கை 39 இலட்சமாகக் குறைந்தபோதும் தோட்டங்கள் பின்தங்கியே இருந்தன. மா விலை ஏறினால் ரொட்டி சிறுக்கும். எங்கள் வீடுகளில் விலைவாசி அப்படித்தான் தெரியும்.

மற்ற ஊர்களில் சபைகள் என்ன செய்தன?

உணவு என்பது அரசாங்கத்தின் வேலை, சபையின் வேலை குப்பை அள்ளுவதும் தெருவிளக்குப் போடுவதும் என்ற எண்ணம் எம்மிடம் உண்டு. வேறு இடங்களில் அப்படி இல்லை.

பிரேசிலின் பெலோ ஒரிசொன்ரே நகரசபை 1993இல் உணவுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. மலிவு விலை உணவகங்கள், விவசாயிகள் நேரடியாக விற்கும் சந்தைகள், பாடசாலைத் தோட்டங்கள் என்று அது விரிந்தது. சென்னை மாநகராட்சி 2013 பெப்ரவரியில் அம்மா உணவகங்களைத் திறந்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள்.

இலண்டனில் 2008இல் மாநகர மேயரின் ஆதரவுடன் ஒரு திட்டம் தொடங்கியது. 2012 முடிவதற்குள் 2,012 புதிய சமூகத் தோட்டங்களை உருவாக்குவது இலக்கு. அது எட்டப்பட்டது. சிறு தொகை நிதி, பயிற்சி, பயிரிட இடம் ஆகிய மூன்றும் சேர்ந்து கொடுக்கப்பட்டன. அங்கே மாடிக் குடியிருப்புத் தொகுதிகளையும் 'எஸ்டேட்' என்றுதான் சொல்வார்கள். அந்த எஸ்டேட்காரர்களும் தோட்டம் போட்டார்கள்.

இந்த மூன்று ஊர்களிலும் பணத்துக்குப் பக்கத்திலேயே இடமும் இருந்தது. ஒன்று கடையாகவோ கட்டடமாகவோ, அல்லது ஒரு துண்டு மண்ணாகவோ. எங்களுக்கு முட்டுக்கட்டை அங்கேதான் இருக்கிறது.

சட்டம் எங்கே நின்றது?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பெண்கள் அபிவிருத்தி, சமூக அபிவிருத்தித் திட்டங்கள், வறியோருக்கான உதவி ஆகியவற்றுக்குச் சபை நிதியைச் செலவிட இடம் தருகிறது. ஆகவே கஞ்சித் திட்டத்துக்கோ மரக்கறித் தோட்டத்துக்கோ உதவுவது சபைக்குப் புறம்பான வேலை அல்ல.

ஆனால், அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு கிராமங்களைப் பற்றியே பேசியது. தோட்டக் குடியிருப்பு கிராமம் அல்ல, அது கம்பனியின் காணி என்று பொருள்கொள்ளப்பட்டது. நாங்கள் வாக்களித்தோம், எங்கள் வாக்கில் உறுப்பினர்கள் தெரிவானார்கள். அந்த உறுப்பினர்கள் தோட்டத்துக்குள் ஒரு குழாய் போட்டுத்தரக் கேட்டாலும் 'சட்டத்தில் இடமில்லை' என்ற பதிலே கிடைத்தது. ஏறக்குறைய முப்பது வருடங்கள் சபையின் பணம் தோட்டத்து எல்லைக்கல்லில் நின்றுவிட்டது.

2018இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அதன் பின்னர் பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சேவை வழங்கலாம். மலையகத்தின் நீண்டகாலக் கோரிக்கை ஒன்று அன்று நிறைவேறியது. இது நடந்ததே எங்கள் லயங்களில் பலருக்குத் தெரியாது. 'தோட்டத்துக்குச் சபை செய்யாது' என்ற பழைய வார்த்தை இன்றும் எங்கள் வாயிலேயே இருக்கிறது.

திருத்தம் வந்த பின்னும் காலம் ஒத்துழைக்கவில்லை. சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் கேட்பதற்கு உறுப்பினரே இருக்கவில்லை.

மண் யாருடையது?

நாங்கள் முதலில் அணுகியது ஒரு தொண்டு நிறுவனத்தை. படிவத்தில் ஒரு கேள்வி: பயிரிடும் காணியின் உரிமைப் பத்திரம் எங்கே? லயத்துக்குப் பின்னால் என் பாட்டி காலத்தில் இருந்து கீரை போடுகிறோம். அதற்கு ஒரு துண்டுக் காகிதமும் எங்களிடம் இல்லை. படிவம் திரும்பி வந்தது. அக்காவின் ஊரிலும் காணிப் பிரச்சினை உண்டு. இராணுவத்திடம் இருந்து காணியை மீட்கப் போராடியவர்கள் அவர்கள். மீட்பதற்கு ஓர் உறுதியாவது அவர்களில் பலரிடம் இருந்தது. எங்களிடம் அதுவும் இல்லை.

2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து 200 வருடங்கள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரில் இருந்து தொடங்கிய நடைபவனி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. முன்னோர் நடந்துவந்த பாதை அது. காணியும் வீடும் அதன் கோரிக்கைகளில் இருந்தன. அதே மாதத்தில் எல்கடுவ ரத்வத்த தோட்டத்தில், ஒரு குடும்பம் போட்டிருந்த தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் உடைத்தெறிந்த காட்சி நாடெங்கும் பரவியது. ஒரு குடில் நிற்க முடியாத மண்ணில் கத்தரிக்கன்று எத்தனை நாள் நிற்கும் என்று அன்று எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம்.

இனி என்ன செய்யலாம்?

காணிக்காகக் காத்திருக்கும் வரை பிள்ளையின் வயிறு காத்திருக்காது. எனவே நாங்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். எங்களைப்போல முயல்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

முதலாவது, காணி தேவைப்படாத திட்டத்தில் இருந்து தொடங்குங்கள். கஞ்சி காய்ச்ச உரிமைப் பத்திரம் வேண்டாம். பிள்ளைக் காம்பராவோ முன்பள்ளியோ கோயில் மண்டபமோ போதும். பெரிய பானை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைச் சபையிடம் கேட்கலாம்.

இரண்டாவது, பெயரோடு கேளுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், கூட்டக் குறிப்பு, வங்கிக் கணக்கு இல்லாத குழுவுக்கு எந்தச் சபையும் பொதுப்பணம் தராது. எங்கள் லயத்தில் கூட்டக் குறிப்பு எழுதுவது உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை.

மூன்றாவது, நேரத்தோடு கேளுங்கள். அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தைச் சபைகள் வருட இறுதியில் நிறைவேற்றுகின்றன. ஜனவரியில் போய்க் கேட்டால் 'ஒதுக்கீடு இல்லை' என்பார்கள். ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே வட்டார உறுப்பினரிடமும் செயலாளரிடமும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்குங்கள்.

நான்காவது, தோட்டத்துக்கு என்ன செலவானது என்று கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

ஐந்தாவது, மரக்கறித் தோட்டம் போடுவதானால், இன்ன இடத்தில் இத்தனை வருடம் பயிரிடலாம் என்று தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் ஒரு கடிதம் கேளுங்கள். அது உறுதி ஆகாது. ஆனாலும் வெறுங்கையோடு போவதைவிட மேல்.

ஒரு பிரதேச சபை தரக்கூடிய தொகை சிறியது. ஆதன வரி, உரிமக் கட்டணம், முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் என்று வருவதில் வீதிக்கும் விளக்கிற்கும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் எங்கள் பிள்ளைகளின் போசாக்கு முழுவதும் சரியாகிவிடாது. அதற்குச் சம்பளமும் காணியும் வேண்டும். ஆயினும் சபையின் கணக்குப் புத்தகத்தில் எங்கள் லயத்தின் பெயர் ஒரு வரியாக ஏறுவது, நாங்களும் இந்த ஊரின் குடிகள் என்பதற்கு எழுத்திலான அத்தாட்சி. உரிமைப் பத்திரம் இல்லாத எங்களுக்கு அந்த ஒரு வரியின் பெறுமதி தெரியும்.

கடிதத்தை எழுதி முடித்து அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "பானை எத்தினை பேருக்கு எண்டு எழுதேல்லையே" என்றார். நாற்பது பிள்ளைகளுக்கு என்று சேர்த்து எழுதினேன்.