ரோட்டுல கோடு போட்ட டாக்டர்

1/
ரோட்டு நடுவுல ஓடுற வெள்ளைக் கோட்டுக்கு நூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. அதுல முக்கியமான ஒருத்தர் எங்க தொழில்காரர், ஒரு பெண் டாக்டர். சின்ன இழைதான், படிச்சிடுங்க மக்களே 🧵

2/
1911. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், வேய்ன் கவுண்டி. சாலை வாரியத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஹைன்ஸ் முயற்சியால் ரோட்டு நடுவுல கோடு வரையப்பட்டது. பால் வண்டி ஒழுகிப்போன தடத்தைப் பார்த்துதான் அவருக்கு இந்த யோசனை வந்ததுன்னு சொல்வாங்க.

3/
1917. கலிபோர்னியாவில் இண்டியோ ஊர். டாக்டர் ஜூன் மெக்கரோல் கார்ல வீட்டுக்குப் போறாங்க. எதிர்ல வந்த லாரி அவங்க பக்கமே ஏறி வர, கார் ரோட்டை விட்டு மணல்ல இறங்கிடுச்சு. நடுவுல கோடு இருந்தா அவங்கவங்க பக்கத்துல போவாங்களேன்னு அதிகாரிகள்கிட்ட கேட்டாங்க. வேலை நடக்கல. அவங்களே பெயிண்ட் எடுத்து 4 அங்குல அகலத்துல கோடு போட்டாங்க!

4/
அதோட விடல. மகளிர் சங்கங்களைச் சேர்த்துக்கிட்டு தொடர்ந்து கேட்டாங்க. 1924ல் கலிபோர்னியா அரசு ஏத்துக்கிச்சு. 2002ல் இண்டியோ பக்கத்து நெடுஞ்சாலைப் பகுதிக்கு அவங்க பேரையே வெச்சாங்க.

5/
நம்ம நாட்டுக்கு வருவோம். 1989 சாலை விதிகளிலேயே தெளிவா இருக்கு: லேன் பிரிச்ச ரோட்டுல உங்க லேனுக்குள்ளயே ஓட்டணும், சிக்னல் காட்டிட்டுத்தான் மாறணும். 2017ல் அதுக்குப் பதிலா புது ஓட்டுநர் விதிமுறைகள் வந்தது. ஆக விதிக்குப் பஞ்சமில்ல.

6/
இப்ப நம்ம ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ரெண்டையும் இணைக்கிறது திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை. இந்தப் பக்கமும் நான்கு வழிச்சாலை வருது. இத்தனை நாள் இருவழியில ஓட்டிப் பழகின கை நம்மளது. பழைய பழக்கத்தோட புது ரோட்டுல ஏறினா ஆபத்து. ஏன்னா அங்க வேகம் அதிகம்.

7/
மூணு விஷயம் மட்டும்:
👉 வலது லேன் ஓவர்டேக் பண்ண. முந்தியாச்சுன்னா இடது லேனுக்கு வந்துடுங்க.
👉 மீடியன் திறப்பு தூரமா இருக்குன்னு எதிர்த் திசையில வராதீங்க. மெக்கரோல் அம்மாவை மணல்ல இறக்கினது இதே தப்புதான்.
👉 அய்யனார் கோவில் ரோடு மாதிரி கிளைச் சாலையில இருந்து மெயின் ரோட்டுக்கு வர்றவங்க நின்னு, பார்த்து ஏறுங்க.

8/
இதை ஏன் ஒரு டாக்டர் சொல்றேன்? பெரிய தலைக்காயம்னா இங்கிருந்து மதுரைக்கோ நெல்லைக்கோ அனுப்ப வேண்டி வரலாம். மதுரை 80 கிலோமீட்டருக்கு மேல. அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தை 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமே 'பொன்னான நேரம்'னு வரையறுத்திருக்கு. ஆம்புலன்ஸுக்கு வழி விடலன்னா 10,000 ரூபாய் வரை அபராதம். ரெண்டு லேனையும் அடைச்சு மெதுவா போற வண்டி அந்த ஒரு மணி நேரத்தைத்தான் தின்னுது.

9/
அய்யனார் ஊர் எல்லையில நின்னு காவல் காக்குற சாமி. ரோட்டுக் கோடும் ஒரு எல்லைதான். ஆனா அதுக்குக் காவல் நாமதான். வீட்டுல புதுசா லைசென்ஸ் எடுத்த பிள்ளைங்க இருந்தா இதைப் படிச்சுக் காட்டுங்க 🙏