கைப்பேசிக்குள் ஒரு சுருக்குப்பை

போன வாரம் அக்கா பையன் வந்திருந்தான். ஒன்பதாவது படிக்கிறான். வந்ததும் வராததுமா, "மாமா, உங்க நம்பர்ல ஒரு வாலட் போட்டுக் குடுங்க. கேம்ல டயமண்ட் வாங்கணும். அம்மா போன்ல ஓடிபி வந்தா திட்டுவாங்க"ன்னு ஆரம்பிச்சுட்டான். "இரு, டீ போட்டுட்டு வரேன்"னு அப்போதைக்கு நழுவிட்டேன். ஆனா ராத்திரி பூரா அதே யோசனை. இந்த வாலட்டுங்கிற வஸ்துவை யார், எதுக்காக ஆரம்பிச்சாங்க? அது எப்படி விளையாட்டுக்குள்ள போய் உக்காந்துச்சு? தேடிப் போனா, கதை ஜப்பான் வழியா கென்யாவுல கொண்டுபோய் விடுது. கொஞ்சம் நீளமான கதைதான், பொறுமையா வாங்க.

முதல்ல ஜப்பான். 1999 பிப்ரவரியில என்டிடி டொகோமோ கம்பெனி ஐ-மோடுன்னு ஒரு சேவையைக் கொண்டு வந்துச்சு. போன்லயே ரிங்டோன் வாங்கலாம், சின்னச் சின்ன விளையாட்டு இறக்கிக்கலாம். காசு? மாசக் கடைசி போன் பில்லுல சேர்ந்து வரும். விளையாட்டுக் கம்பெனிக்காக டொகோமோவே வசூல் பண்ணிக் குடுத்துட்டு, 9 சதவீதம் கமிஷன் எடுத்துக்கும். 2004ல சில்லு வெச்ச போனே வந்துடுச்சு, கடையில தொட்டா காசு போயிடும். அதுக்கு வெச்ச பேரு 'ஒஸைஃபு கேய்தாய்'. ஸைஃபுன்னா மணிபர்ஸ். ஆக கைப்பேசியில காசு கட்டிப் பழகினதுல விளையாட்டுக்கு ஆரம்பத்துல இருந்தே பங்கு உண்டு.

ஆனா ஜப்பான்காரருக்கு பேங்க் கணக்கு இருந்துச்சு, பில் வந்தா கட்டிடுவாரு. கணக்கே இல்லாத ஜனம் என்ன பண்ணும்? அங்கதான் கென்யா வருது.

நைரோபியில வேலை பாக்கிறவர் ஊர்ல இருக்கிற அம்மாவுக்குக் காசு அனுப்பணும்னா, அப்பல்லாம் பஸ் டிரைவர் கையிலயோ, ஊருக்குப் போற தெரிஞ்சவங்க கையிலயோ குடுத்து விடணும். போய்ச் சேர்ந்தா புண்ணியம். சில ஆப்பிரிக்க நாடுகள்ல ஜனங்களே ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சிருந்தாங்க. டாப்-அப் காசை வாங்கி ஊருக்கு அனுப்பறது. அங்க இருக்கிறவர் அதைக் கடைக்காரர் கிட்ட வித்துப் பணமாக்கிக்கிறது.

பிரிட்டனோட வோடஃபோன் கம்பெனியில நிக் ஹியூஸ், சூசி லோனின்னு ரெண்டு பேரு. பிரிட்டிஷ் அரசோட வளர்ச்சி உதவித் துறையும் பாதிச் செலவைக் குடுத்துச்சு. இவங்க நினைச்சது ஊருக்குக் காசு அனுப்பற விஷயமே இல்லை! சுய உதவிக் குழு மாதிரி சின்னக் கடன் வாங்கினவங்க, தவணையைப் போன்ல கட்டணும். அவ்வளவுதான் நோக்கம். 2005 அக்டோபர்ல நைரோபியிலயும் தீக்காங்கிற ஊர்லயும் சில நூறு பேரை வெச்சு வெள்ளோட்டம் விட்டாங்க.

ஜனம் என்ன பண்ணுச்சு தெரியுமா? ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கிட்டாங்க. பயணம் போறதுக்கு முன்னாடி இங்க போட்டு, போய் இறங்கின ஊர்ல எடுத்துக்கிட்டாங்க. இன்னொரு பக்கம் கடன் குடுத்த நிறுவனத்துக்குக் கவலை. தவணையை எங்கிருந்து வேணா கட்டலாம்னா, வாராந்திரக் கூட்டத்துக்கு எவன் வருவான்? அந்தக் கூட்டம்தானே ஒருத்தரை ஒருத்தர் கண்காணிச்சுக்கிற இடம்! இந்தக் கவலையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

2007 மார்ச் 6ஆம் தேதி சஃபாரிகாம் கம்பெனி எம்-பெஸாவை முறைப்படி தொடங்குச்சு. சுவாஹிலியில பெஸான்னா காசு. நம்ம 'பைசா' ஞாபகம் வருதில்லையா? சும்மா இல்லை. 1920 வரைக்கும் அந்தப் பக்கம் புழங்கினது இந்திய ரூபாய்தான். பக்கத்துல ஜெர்மன்காரங்க ஆண்ட பகுதியில 64 பெஸா ஒரு ருபியான்னே நாணயம் அடிச்சாங்க. நம்ம பழைய கணக்குலயும் ரூபாய்க்கு 64 பைசாதானே!

கணக்கு ஆரம்பிக்கிறது சுலபம். தெருமுனைக் கடையில முகவர் இருப்பார். அடையாள அட்டையைக் காட்டணும், படிவம் நிரப்பணும், எம்-பெஸா மெனு இருக்கிற சிம் போடணும், ரகசிய எண் வெச்சுக்கணும். காசு போட்டா முகவர் நோட்டுல எழுதுவார், போன்ல எஸ்எம்எஸ் வரும். சாதா பட்டன் போன் போதும். 2008 ஆரம்பத்துல தேர்தலுக்கப்புறம் கலவரம் வெடிச்சு ஜனங்க வெளியே வர முடியாம முடங்கினப்ப, எம்-பெஸா வழியா வந்த காசுதான் பல பேருக்குக் கை குடுத்துச்சு. அந்தப் புண்ணியத்தைக் குறைச்சுப் பேசக் கூடாது.

அப்புறம் கரண்ட் பில் மாதிரி கட்டணம் கட்ட கம்பெனிகளுக்கு 'பேபில்' எண் குடுத்தாங்க. அந்த எண்ணைத் தட்டினா காசு நேரா கம்பெனிக்குப் போயிடும். 2012 நவம்பர்ல எம்-ஷ்வாரி வந்துச்சு. போன்லயே கடன், 30 நாளைக்கு 7.5 சதவீதம் கட்டணம். ஆக பை ஒண்ணுதான். சம்பளமும் அதுல, கடனும் அதுல, கரண்ட் பில்லும் அதுல.

2014ல அந்தப் பைக்குள்ள ஸ்போர்ட்பெஸா நுழைஞ்சுச்சு. பேருலயே பெஸா! கால்பந்துப் பந்தயக் கம்பெனி. கென்யாவுல 1966லயே பந்தயம், லாட்டரி, கேமிங் எல்லாத்துக்கும் ஒரு சட்டம் வந்துடுச்சு. (கவனிச்சீங்களா, சட்டப் புத்தகத்துல 'கேமிங்'னா சூதாட்டம்தான். இப்பத்தான் அந்த வார்த்தை குழந்தைங்க பக்கம் வந்திருக்கு.) ஆனா அந்தச் சட்டம் வந்த காலத்துல பந்தயம்னா ஒரு இடத்துக்கு நடந்து போகணும். கவுன்டர்ல நிக்கணும். பக்கத்து வீட்டுக்காரர் பாத்துத் தொலைப்பார். பாக்கெட்ல இருக்கிற நோட்டு தீந்ததும் ஆட்டமும் தீந்துடும்.

இப்ப? பேபில் எண்ணுக்குக் காசு, பந்தயத்துக்கு ஒரு எஸ்எம்எஸ், ஜெயிச்சா காசு அதே பைக்குத் திரும்பி வரும். படுத்துக்கிட்டே ஆடலாம். யாருக்கும் தெரியாது. 2017ல ஒருத்தர் 22 கோடி ஷில்லிங்குக்கு மேல பரிசு அடிச்சார், நாடே வாயைப் பொளந்துச்சு. அதே வருஷம் இங்கிலாந்தோட எவர்ட்டன் அணிச் சட்டையில ஸ்போர்ட்பெஸா பேரு. வெய்ன் ரூனி டார் எஸ் சலாம் வரைக்கும் வந்து, கென்யாவோட கோர் மஹியா அணிக்கு எதிரா கோல் போட்டுட்டுப் போனார். அதே 2017ல ஜியோபோல் நிறுவனம் இளைஞர்கள்கிட்ட எடுத்த கருத்துக்கணிப்புல, கென்யாவுல 76 சதவீதம் பேர் ஒரு தடவையாவது பந்தயம் கட்டியிருக்கோம்னாங்க. பெரும்பாலும் கைப்பேசி வழியாத்தான்.

தவணை கட்டறவனுக்குச் சுலபமாக்கின அதே வழி, தோக்கறவனுக்கும் சுலபமாக்கிடுச்சு. அந்த வாராந்திரக் கூட்டத்துக் கவலை ஞாபகம் இருக்கா? காசு கை மாறும்போது நடுவுல நாலு கண்ணு பாத்துக்கிட்டிருந்துச்சு. அலைச்சலைக் குறைக்கப் போய் அந்தக் கண்ணும் காணாமப் போயிடுச்சு. என்னைக் கேட்டா, மொத்தக் கதையும் இவ்வளவுதான்.

2019 ஜூலையில அரசு முழிச்சுக்கிச்சு. 27 பந்தயக் கம்பெனிகளுக்கு உரிமம் புதுப்பிக்கலை. அதோட நிக்காம சஃபாரிகாமுக்கு ஒரு உத்தரவு: இவங்க பேபில் எண்ணையும் எஸ்எம்எஸ் எண்ணையும் மூடு! கடையைப் பூட்ட ஊர் ஊரா போலீஸ் போக வேண்டியதில்லை, பையோட சுருக்கை இழுத்தா போதும்னு அரசுக்குப் புரிஞ்சிருந்துச்சு. செப்டம்பர்ல, பந்தயத் தொகை மேல போட்ட 20 சதவீத வரியைக் காரணம் காட்டி ஸ்போர்ட்பெஸா மூட்டை கட்டுச்சு. அவங்க காசை நம்பியிருந்த உள்ளூர்க் கால்பந்து அணிகள் திண்டாடினது தனிக்கதை. ஆனா 2020லயே ஆளு திரும்பி வந்தாச்சு. சுருக்கை இழுக்கவும் முடியும், அவுக்கவும் முடியும்.

நம்ம ஊருக்கு வருவோம். 2025 ஆகஸ்ட்ல இந்திய நாடாளுமன்றம் நிறைவேத்தின ஆன்லைன் விளையாட்டுச் சட்டமும் இதே இடத்துலதான் கை வெச்சிருக்கு. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆட்டத்துக்குத் தடை. அதுக்குப் பேங்கும் பேமென்ட் கம்பெனியும் காசு கடத்திக் குடுக்கக் கூடாது. ஆனா அக்கா பையன் கேக்கிற டயமண்ட் அந்தக் கணக்குல வராது. அது ஜெயிச்சுக் காசாகிற சமாசாரம் இல்லை, செலவு மட்டும்தான். அங்க சுருக்கு அரசு கையில இல்லை, நம்ம கையிலதான் இருக்கு.

மறுநாள் காலையில அவன்கிட்ட சொன்னேன்: "வாலட் வேண்டாம்டா. டயமண்ட் வேணும்னா அம்மாகிட்டயே கேளு. எவ்வளவு, எதுக்குன்னு அவங்க எதிர்ல சொல்லு. அவங்க சரின்னா காசு நான் குடுக்கறேன்."

பையன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான். ஊருக்குப் போய் நாலு நாளாச்சு. அக்காவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன், இன்னும் கேக்கலையாம்.

டிஸ்கி: வாலட்டே கெட்டதுன்னு நான் சொல்லலை சாமி! இன்னிக்குக் காலையில கீரைக்காரம்மாவுக்குக்கூட போன்லதான் காசு குடுத்தேன். அவங்க ஒரு தடவை என் மூஞ்சியைப் பாத்தாங்க, அதைத்தான் சொல்றேன்.