சகாராம் கணேஷ் பண்டிட்: நிறத்தின் வழக்கும் நம்பிக்கையின் வழக்கும்

1923 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் வழக்கில் தீர்ப்பு வழங்கியது. இந்தியர்கள் சட்டத்தின் நோக்கில் 'வெள்ளையர்' அல்லர். எனவே அமெரிக்கக் குடியுரிமை பெறும் தகுதி அவர்களுக்கு இல்லை என்பது அதன் சாரம். குடியேற்ற வரலாற்றைப் பயில்வோர் அனைவரும் இத்தீர்ப்பை அறிவர். திந்தின் தரப்பில் வாதிட்டவர்களுள் ஒருவரும், அத்தீர்ப்பின் விளைவுகளை நான்கே ஆண்டுகளில் பெருமளவு தடுத்து நிறுத்தியவருமான சகாராம் கணேஷ் பண்டிட்டை அறிந்தோர் குறைவு.

பண்டிட் 1875இல் அகமதாபாத்தில் பிறந்தவர். 1906இல் அமெரிக்கா சென்றார். 1914இல் கலிபோர்னியாவில் குடியுரிமை பெற்றார். 1917இல் அம்மாநிலத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் தொழில் நடத்தினார். அன்றைய கலிபோர்னியாவில் குடிமகன் அல்லாதவர் வழக்கறிஞராக இயலாது. ஆகவே அவருடைய தொழிலே அவரது குடியுரிமையின் மேல் நின்றது.

அக்காலச் சட்டநிலை இதுதான். 1790ஆம் ஆண்டுச் சட்டம் 'சுதந்திரமான வெள்ளையர்' மட்டுமே குடியுரிமை பெறலாம் என்றது. 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் அவ்வுரிமை விரிவுபடுத்தப்பட்டது. இந்தியர்களைப் பற்றிச் சட்டம் தெளிவாக ஏதும் சொல்லாத நிலையில், யார் வெள்ளையர் என்பதை நீதிமன்றங்கள் ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியே முடிவு செய்தன. சில நீதிபதிகள் இந்தியர்களை ஏற்றனர், சிலர் மறுத்தனர்.

1922 நவம்பரில், ஜப்பானியரான டகாவோ ஒசாவாவின் வழக்கில், வெள்ளையர் என்றால் 'காக்கேசிய' இனத்தார் என்று உச்ச நீதிமன்றம் பொருள் கூறியது. இந்தியர்களைக் காக்கேசியர் என வகைப்படுத்திய இனவியலாளர் பலர் இருந்தமையால் திந்தின் தரப்பு நம்பிக்கை கொண்டது. மூன்றே மாதங்களில் நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்டு அந்த அளவுகோலைக் கைவிட்டார். அறிவியல் வகைப்பாடு எதுவாயினும், சாதாரண மனிதர் 'வெள்ளையர்' எனப் புரிந்துகொள்வதே சட்டத்தின் பொருள் என்றார்.

இவ்வழக்கில் திந்த் தரப்பு முன்வைத்த வாதம் இன்று வாசிப்போரைச் சங்கடப்படுத்தும். சீக்கியரான திந்த், அன்றைய அமெரிக்க வழக்கின்படி 'உயர்சாதி இந்து' என்றே அறிமுகப்படுத்தப்பட்டார். அவர் தூய ஆரிய இரத்தத்தவர் எனவும், சாதியின் மணக் கட்டுப்பாடுகள் அத்தூய்மையைக் காத்தன எனவும் வாதிடப்பட்டது. இந்தியப் பழங்குடியினர்பால் உயர்சாதியினர் கொண்ட விலக்கம், கறுப்பினத்தவர்பால் அமெரிக்க வெள்ளையர் கொண்ட விலக்கத்தோடு ஒப்பிடப்பட்டது. சாதிப் படிநிலை இனப் படிநிலைக்குச் சான்றாக நிறுத்தப்பட்டது. நீதிமன்றம் அதனையும் ஏற்கவில்லை. ஆரியருக்கும் திராவிடருக்கும் இடையே கலப்பு நிகழ்ந்தது, சாதி அதை முற்றிலும் தடுக்கவில்லை என்று பதிலளித்தது. ஆரிய–திராவிடச் சொல்லாடல் சென்னை மாகாண அரசியலை வடிவமைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அது வாஷிங்டனில் ஒரு குடியுரிமை வழக்கின் தீர்ப்பிலும் இடம்பெற்றது.

தீர்ப்பு வந்ததும் அரசு பின்னோக்கித் திரும்பியது. முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் அதைச் 'சட்டவிரோதமாக' அடைந்தனர் எனக் கூறி, 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவற்றை நீக்க வழக்குகள் தொடுத்தது. பண்டிட்டின் கட்சிக்காரரான ஏ. கே. மஜும்தார் குடியுரிமையை இழந்தார். அடுத்து பண்டிட்டின் மீதே வழக்கு வந்தது.

தமக்காக வாதிட்டபோது பண்டிட் களத்தை மாற்றினார். நிறம் குறித்த கேள்வியில் இனி வெல்ல இயலாது. ஆகவே அவர் நேர்மைமுறைச் சட்டத்தின் 'முரண்தடை' என்னும் கோட்பாட்டைப் பற்றினார். ஒருவர் தம் சொல்லாலோ செயலாலோ மற்றவரை நம்பவைத்து, அந்நம்பிக்கையில் அவர் தம் நிலையை மாற்றிக்கொண்ட பின், முன்னதை மறுத்து அவருக்குக் கேடு விளைவிக்கலாகாது என்பது அக்கோட்பாடு. பொதுவாகத் தனியாருக்கு எதிராகப் பயன்படும் இதனைப் பண்டிட் அரசுக்கு எதிராக நிறுத்தினார். நீதிமன்றம் வழங்கிய குடியுரிமையை நம்பியே அவர் பிரிட்டிஷ் மன்னருக்கான விசுவாசத்தைத் துறந்தார், வழக்கறிஞரானார், சொத்துச் சேர்த்தார், 1920இல் அமெரிக்கரான லிலியன் ஸ்டிரிங்கரை மணந்தார். குடியுரிமை நீங்கினால் தொழில் போகும், நாடற்றவராவார், குடியுரிமைக்குத் தகுதியற்ற அயலாரின் மனைவி என்னும் காரணத்தால் லிலியனின் குடியுரிமையும் கேள்விக்குள்ளாகும்.

மாவட்ட நீதிபதி பால் மெக்கார்மிக் பண்டிட்டுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1926இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1927இல் உச்ச நீதிமன்றம் அரசின் மனுவை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. அதன்பின் நிலுவையிலிருந்த ஏனைய இந்தியர்களின் குடியுரிமை நீக்க வழக்குகளை அரசு கைவிட்டது.

இவ்வெற்றியின் எல்லையையும் காண வேண்டும். திந்த் தீர்ப்பு அப்படியே நின்றது. புதிய விண்ணப்பதாரர்களுக்குக் கதவு மூடியே இருந்தது. ஏற்கெனவே இழந்தவர்களுக்குக் குடியுரிமை தானே திரும்பவில்லை. சான் பிரான்சிஸ்கோ வணிகர் வைஷ்ணோ தாஸ் பகாய் 1921இல் பெற்ற குடியுரிமையை இழந்து, அமெரிக்கக் கடவுச்சீட்டும் மறுக்கப்பட்டு, 1928இல் உயிரை மாய்த்துக்கொண்டார். பண்டிட்டின் வெற்றி அவருக்கு உதவவில்லை. 1946ஆம் ஆண்டின் லூஸ்–செல்லர் சட்டமே இந்தியர்களுக்குக் குடியுரிமைத் தகுதியை அளித்தது. அப்போதும் குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர் என்ற அளவில்தான் இருந்தது. பண்டிட் 1959 வரை வாழ்ந்து அம்மாற்றத்தைக் கண்டார்.

பண்டிட்டின் பங்களிப்பை ஒரு தனிமனிதர் தப்பிய கதையாகச் சுருக்குவது பொருந்தாது. முதல் வழக்கின் வாதம், வெள்ளையர் என்னும் வேலிக்குள் சிலரை மட்டும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டியது. அதற்காகத் தம் நாட்டிலேயே பிறரைக் கீழே தள்ளியது. இரண்டாம் வழக்கின் வாதத்துக்கு எவருடைய இரத்தமும் தேவைப்படவில்லை. அரசு தான் தந்த வாக்கைக் காக்க வேண்டும் என்ற ஒன்றையே அது கேட்டது. தோற்ற வாதம் பாடநூல்களில் இடம்பெற்றது. வென்ற வாதம் பெரும்பாலும் அடிக்குறிப்பில் தங்கிவிட்டது. குடியுரிமையைப் பின்னோக்கிக் கேள்விக்குட்படுத்தும் சட்டங்கள் எங்கு எழுந்தாலும், ஆய்வாளர்கள் முதலில் திரும்ப வேண்டியது அந்த அடிக்குறிப்பை நோக்கியே.