படையலில் இடம் பிடித்த கிழங்குகள்

எங்கள் தென்காசிப் பக்கத்தில் பொங்கலன்று விளக்குக்கு முன்னால் விரிக்கிற வாழையிலையில் கிழங்குகளுக்குத்தான் முதல் மரியாதை. சேனை, சேம்பு, பிடிகருணை, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி, கட்டுக்கட்டாகப் பனங்கிழங்கு. பக்கத்தில் அவரை, மொச்சை, வாழைக்காய், ஒரு கீற்றுப் பரங்கி. உருளைக்கிழங்கு மட்டும் இலைப்பக்கம் வரக்கூடாது. கேட்டால், "அது இங்கிலீசு காய்ட்டி, சாமிக்கு ஆகாது" என்பாள் ஆச்சி.

ஆச்சியின் சட்டத்தைச் சரித்திரத்தோடு வைத்துப் பார்த்தால் வேடிக்கைதான். சர்க்கரைவள்ளியும் பரங்கியும்கூட, உருளையைப் போலவே, அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துக்கீசியர் காலத்தில் நம் கரைக்கு வந்து சேர்ந்தவை. எங்கள் ஊர்க்காரர்கள் உயிரை விடுகிற சிறுகிழங்குக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. இலையில் இருப்பவர்களில் அவரைக்குத்தான் நீண்ட பட்டயம் உண்டு. கர்நாடகத்தின் புதிய கற்கால ஊர்களைத் தோண்டியபோது கருகிப்போன அவரை விதை கிடைத்திருக்கிறது. அப்படியிருக்க, சர்க்கரைவள்ளி சொந்தக்காரனாகவும் உருளை அந்நியனாகவும் ஆனது எப்படி?

மாதம்தான் காரணம் என்பது என் கணக்கு. பழைய பந்தல் அவரையை ஆடிப்பட்டத்தில் ஊன்றினால், புரட்டாசி வரை வெறும் கொடியாகப் படர்ந்து கொண்டிருக்கும். தண்ணீரும் எருவும் எவ்வளவு கொட்டினாலும் பூக்காது. பகல் பொழுது குறுகினால்தான் அதற்குப் பூக்கத் தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் பூத்து, மார்கழி, தையில் கொத்துக்கொத்தாய்க் காய்க்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பி நட்ட வள்ளிக்கொடியும் நாலு மாதத்தில், தைக்குச் சரியாகக் கிழங்கு வைத்துவிடும். ஆவணி, புரட்டாசியில் புதைத்த பனங்கொட்டையைத் தோண்டுவதும் அப்போதுதான். புதிதாக வந்த பயிர் இந்த வரிசையில் நின்றுகொண்டால் போதும், ரெண்டு மூணு தலைமுறையில் திருவாதிரைக் களிக்குச் செய்கிற ஏழுகறிக் கூட்டில் சேர்ந்துவிடும். பரங்கி இன்னும் சாமர்த்தியசாலி. மார்கழி வாசலில் சாணிப் பிள்ளையார் தலையிலேயே அதன் பூ ஏறிவிட்டது!

உருளைக்கு அப்படி ஒரு மாதம் அமையவில்லை. 1819ல் நீலகிரி ஏறிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், 1822ல் உதகையில் கல் பங்களா கட்டத் தொடங்கி, உருளை முதலான சீமைக் காய்களைப் பயிரிட்டார். இன்று மலர்க் கண்காட்சி நடக்கிற ஊட்டி தாவரவியல் பூங்காவே காய்கறித் தோட்டமாகப் பிறந்ததுதான். 1840களில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் மாதம் 3 ரூபாய் சந்தா கட்டி, மலிவு விலையில் காய் கிடைக்க ஏற்பாடு செய்துகொண்டன. 1848ல் தோட்டக்கலை நிபுணர் மெக்கைவர் வந்த பிறகே அது பூங்காவாக உருவெடுத்தது. மலை ரயில் 1899ல் குன்னூர் வரைக்கும் 1908ல் ஊட்டி வரைக்கும் போனது. மேட்டுப்பாளையம் மண்டி வழியாக உருளையும் கேரட்டும் முட்டைக்கோஸும் சமவெளிக்கு இறங்கின. நீலகிரியில் வருஷத்துக்கு மூன்று பருவம் உருளை போடுவார்கள். எப்போதும் கிடைக்கிற காயை எந்தப் பண்டிகைக்கு என்று காத்திருந்து தின்பது?

காத்திருப்பு என்றால் சிறுகிழங்குதான். மார்கழிக் கடைசியில் கடைக்கு வரும். தை போனால் தேடினாலும் அகப்படாது. சுண்டுவிரல் பருமன், மேலெல்லாம் செம்மண். ஒவ்வொன்றாகத் தோல் சீவ உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும். தண்ணீரில் ஊறப்போட்டு, கோணிச்சாக்கில் கட்டி, கல்தரையில் வைத்து உருட்டித் தேய்ப்பாள் ஆச்சி. முக்கால்வாசித் தோல் சாக்கோடு போய்விடும். மிச்சத்தைக் கத்தியால் சுரண்டுவதற்குள் விரலெல்லாம் கறுத்துவிடும். பொங்கலுக்கு வந்த பெண்களின் கையைப் பார்த்தே அவரவர் வீட்டுப் பொரியல் என்னவென்று சொல்லிவிடலாம்.

இப்போது அவரையும் மாதத்தை விட்டுவிட்டது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட குத்து அவரை ரகங்களுக்குப் பகல் குறுகினாலும் ஒன்றுதான், நீண்டாலும் ஒன்றுதான். சித்திரையிலும் காய்க்கின்றன. விவசாயிக்கு லாபம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பந்தல் அவரையின் வாசம் அதில் இல்லை. சென்னையில் என் மகள் வீட்டுப் பொங்கல் சாம்பாரில் உருளை, கேரட், பீன்ஸ் எல்லாம் மிதக்கின்றன. சிறுகிழங்கை மட்டும் நான்தான் பஸ்ஸில் கொண்டுபோகிறேன், தேய்க்கிற சாக்கையும் சேர்த்து.