இலங்கையின் இரு பருவக்காற்றுகளும் பயணக் காலங்களும்

இலங்கை, வட அகலக்கோடு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையே அமைந்த வெப்பமண்டலத் தீவு ஆகும். இதன் பரப்பளவு 65,610 சதுர கிலோமீற்றர். இங்கு ஆண்டைப் பிரிப்பது கோடையும் குளிரும் அல்ல, மழையும் வறட்சியுமே. அந்த மழையும் தீவு முழுவதற்கும் ஒரே வேளையில் வருவதில்லை. ஆகவே இலங்கைக்குச் செல்ல ஏற்ற காலம் எது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. எந்தப் பகுதிக்குச் செல்வது என்று முடிவு செய்த பின்னரே மாதத்தைச் சொல்ல இயலும். இத்தீவின் குளங்கள், துறைமுகங்கள், யாத்திரைகள், தோட்டங்கள் ஆகியவற்றின் வரலாறும் இந்த வேறுபாட்டை ஒட்டியே அமைந்துள்ளது.

இரு காற்றுகள்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. தீவின் நடுவிலுள்ள மலைநாடு இக்காற்றைத் தடுக்கிறது. இதனால் மேற்குச் சரிவுகளில் பெருமழை பெய்கிறது. சில இடங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். மலையைக் கடந்து கிழக்கே இறங்கும் காற்று ஈரத்தை இழந்து சூடாகிறது. மட்டக்களப்புப் பகுதி மக்கள் இதனைக் கச்சான் காற்று என்பர்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று வடக்கிலும் கிழக்கிலும் மழையைத் தருகிறது. இவ்விரு பருவங்களுக்கும் இடைப்பட்ட மார்ச்–ஏப்ரல், அக்டோபர்–நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். ஆண்டின் கடைசி மாதங்களில் வங்காள விரிகுடாவில் சூறாவளிகளும் உருவாகும். 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி பேரழிவை ஏற்படுத்தியது.

குளங்களும் போகங்களும்

வடக்கு, வடமத்தி, கிழக்குப் பகுதிகள் உலர்வலயம் எனப்படும். இங்கு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்துவிடும். பின்னர் நீண்ட வறட்சி. அனுராதபுர, பொலன்னறுவை அரசுகள் இம்மழையைக் குளங்களில் தேக்கி நெல் விளைவித்தன. மகாசேனன் கட்டிய மின்னேரிக் குளமும், 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு அமைத்த பராக்கிரம சமுத்திரமும் இவற்றுள் புகழ்பெற்றவை. மாரி மழையை நம்பிய பயிர்ச்செய்கை பெரும்போகம் என்றும், அதன் பின் வருவது சிறுபோகம் என்றும் இன்றும் வழங்குகிறது.

துறைமுகம்

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் வடகிழக்குப் பருவம் சோழமண்டலக் கரைக்கு ஆபத்தானது. பெரிய கப்பல்கள் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் அங்கு இல்லை. கிழக்கிலங்கையின் திருகோணமலையோ மலைகளால் சூழப்பட்ட ஆழமான துறைமுகம். ஐரோப்பியக் கடற்படைகள் அதற்காகப் போரிட்டதற்கு இது முக்கியக் காரணம். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் அதனை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அதைப் பிடித்தார். பின்னர் ஒல்லாந்தரிடம் திரும்பிய துறைமுகம் 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

யாத்திரைகள்

2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலை பல சமயத்தவருக்கும் புனிதமானது. 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா, யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியின் உதவியுடன் இம்மலைக்குச் சென்றார். இங்கு யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியில் முடிகிறது. அதன்பின் தென்மேற்கு மழையும் பலத்த காற்றும் மூடுபனியும் ஏற்றத்தைக் கடினமாக்கும்.

கதிர்காமம் தென்கிழக்கில் உள்ளது. அங்கு பெருவிழா ஆடி மாதத்தை ஒட்டி நடைபெறும். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரை வழியே அடியார்கள் பாதயாத்திரையாக வருவர். கிழக்கில் அது வறண்ட காலமாதலால் ஆறுகளையும் காட்டையும் கடக்க முடிகிறது.

மலைநாடு

ஆங்கிலேயர் ஆட்சியில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர், காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களுக்கு மட்டும் வந்து திரும்பினர். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி உலர்வலயக் காட்டின் ஊடாக நடந்தபோது நீரின்மையாலும் நோயாலும் ஏராளமானோர் மாண்டனர். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. அதன் இடத்தைப் பிடித்த தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே தொழிலாளர் குடும்பங்கள் தோட்டங்களிலேயே தங்கின. மலையகத் தமிழர் என்னும் சமூகம் நிலைபெற்றதில் இப்பயிர் மாற்றத்திற்குப் பெரும் பங்குண்டு.

தேயிலையிலும் இரு காற்றுகளின் விளைவைக் காணலாம். மேற்குச் சரிவிலுள்ள திம்புலைத் தேயிலை ஜனவரி–மார்ச்சிலும், கிழக்கிலுள்ள ஊவாத் தேயிலை ஜூலை–செப்டெம்பரிலும் சிறந்த மணம் பெறுகின்றன. இரண்டும் அந்தந்தச் சரிவில் வறண்ட காற்று வீசும் மாதங்கள். கொழும்பின் சராசரி வெப்பநிலை சுமார் 27 பாகை செல்சியஸ். நுவரெலியாவில் சுமார் 16 பாகை. அதனால் ஆங்கிலேய அதிகாரிகள் நுவரெலியாவை ஓய்விடமாக்கினர். ஏப்ரல் மாத வசந்தவிழா இன்றும் அங்கு தொடர்கிறது.

பயணத்திற்கு ஏற்ற மாதங்கள்

கொழும்பு, காலி முதலிய தென்மேற்குக் கரைக்கு: டிசம்பர் முதல் மார்ச் வரை.
திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்பை முதலிய கிழக்குக் கரைக்கு: மே முதல் செப்டெம்பர் வரை.
மலைநாட்டிற்கு: ஜனவரி முதல் ஏப்ரல் வரை.
அனுராதபுரம், பொலன்னறுவைக்கு: மே முதல் செப்டெம்பர் வரை, நண்பகல் வெயில் கடுமையாக இருக்கும்.
யாழ்ப்பாணத்திற்கு: ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரை; நல்லூர்த் திருவிழாவைக் காண விரும்புவோர் ஜூலை–ஆகஸ்டில் செல்லலாம்.

பயணிகள் தவிர்க்கும் மழைமாதங்களே உழவருக்கு வேண்டிய மாதங்கள். ஆகஸ்டில் மின்னேரியில் நீர் வற்றிய கரையோரப் புல்லைத் தேடி நூற்றுக்கணக்கான யானைகள் கூடுவதைக் காணப் பலர் வருகின்றனர். முந்தைய மாரியில் மழை பெய்து குளம் நிரம்பியிருந்தால்தான் அந்தக் காட்சியும் உண்டு. வயலில் நெல்லும் உண்டு.